கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு வந்த சட்டம்!

கடலுக்கு அடியில் யாரும் பேச முடியாது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடக்கும். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து ஆள் இறங்குவான். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்குவான். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான். படகில் கயிறு பிடித்து நிற்பவர் சட்டென்று மேலே இழுத்துவிடுவார்.

கயிறு பிடிப்பவர் யார்? பெரும்பாலும் மச்சான்! தங்கை தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்று கரையில் சொல்வார்கள்.

தூத்துக்குடியில் பெரிய முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டில். அதோடு அந்தத் தொழில் முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் உண்டு. அவர்களில் வயதானவர்களிடம் பேசும்போது கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. செவிப்பறை கிழிந்துபோகும். காது மந்தமாகிவிடும்.

காது கேளாதவர்களும், வாய் திறவாமல் செய்தி சொல்வதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆனால் காது கேளாத பிள்ளை ஒன்று பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பது என்பது புதிது!

அதைப் புதிதாகக் கொண்டுவந்தது ஒரு சட்டம்.

ஒரு வீடு

திரேஸ்புரத்தில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போய்விடுகிறாள். கூடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. சூட்டிகையான குழந்தை. ஆனால் பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது.

"கொஞ்சம் லேட்டாகப் பேசும். அவ அப்பாவும் அப்படித்தான்" என்று பாட்டி சொல்கிறாள். இப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

இப்படி ஒரு வீடு திரேஸ்புரத்தில் மட்டுமா? தருவைகுளத்திலும், புன்னைக்காயலிலும், மணப்பாட்டிலும், பெரியதாழையிலும் இருக்கலாம். கண் பார்வை இல்லாத பிள்ளை இருக்கலாம். கால் நடக்காத பிள்ளை இருக்கலாம். எழுத்துக்களை இடம் மாற்றி எழுதி, 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளை இருக்கலாம்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்தான். நாட்டு மக்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்துநான்கு பேர்!

பாளையங்கோட்டைக்குப் போ!

முன்பெல்லாம் அந்தத் தாய் பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஹெட்மாஸ்டர் என்ன சொல்வார்?

"பாளையங்கோட்டைக்குக் கொண்டு போ, அம்மா!"

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று இருந்த வழி அதுதான். 1986-ம் ஆண்டு வரை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். பாளையங்கோட்டையில் 1890-ம் ஆண்டிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அதற்குச் சில ஆண்டுகள் பின்னால், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற பெண்மணி பள்ளி தொடங்கினார். அது அவர் பெயரிலேயே இன்றும் மேல்நிலைப் பள்ளியாக நடந்து வருகிறது. இந்தியாவிலேயே இத்தகைய பள்ளிகள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலம் அது!

அந்தப் பள்ளிகள் செய்த தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் விட வேண்டும். பல தாய்மாருக்கு மனம் வராது. பஸ்சுக்குக் காசும் இராது. பிள்ளை வீட்டிலேயே வளரும். வலை பின்னும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். பத்து வயதில் அதன் பள்ளிக்கூடப் பேச்சே நின்றுபோகும்.

ஏழு இருபத்தொன்று ஆனது

பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்ற எண்ணம் 1974-ம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் ஒரு திட்டமாக வந்தது. அடுத்த ஆண்டு, 1975-ல், அமெரிக்காவில் அதற்குச் சட்டமே போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் படிப்புத் திட்டம் எழுத வேண்டும். அதில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்பது அந்தச் சட்டம். அங்கே உள்ள பள்ளி நிர்வாகங்கள் திண்டாடிப்போயின. ஆள் இல்லை, பணம் இல்லை என்ற கூச்சல் அங்கேயும் எழுந்தது!

இந்தியாவில் 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2009-ல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. அது அமலுக்கு வந்த நாள் 2017, ஏப்ரல் 19.

ஏழு வகை என்பது இதில் இருபத்தொன்று ஆகிவிட்டது. ஆட்டிசம் வந்தது. மூளை முடக்குவாதம் வந்தது. தசைச் சிதைவு நோய் வந்தது. எழுத்தும் கணக்கும் மட்டும் பிடிபடாத 'கற்றல் குறைபாடு' வந்தது. ஆசிரியர் பிரம்பால் அடித்துத் திருத்தப் பார்த்த பிள்ளைக்கு, "இது சோம்பல் இல்லை" என்று சட்டமே சாட்சி சொல்லிவிட்டது!

சட்டத்தின் 31-வது பிரிவு முக்கியமானது. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையின் பக்கம். ஹெட்மாஸ்டரின் பக்கம் அல்ல.

"பாளையங்கோட்டைக்குப் போ" என்று இனி யாரும் சொல்ல முடியாது. போக விரும்பினால் யாரும் தடுக்கவும் முடியாது.

ஹெட்மாஸ்டரின் கவலை

சட்டம் டெல்லியில் போட்டார்கள். அது வந்து இறங்கிய இடம் எங்கே? இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் சிறு பள்ளிக்கூடத்தில்!

16-வது பிரிவைப் படித்துப் பார்த்தால் ஹெட்மாஸ்டருக்குத் தலை சுற்றும். பேதம் பார்க்காமல் சேர்க்க வேண்டும். கட்டிடத்துக்குள் எல்லோரும் வரும்படி வழி செய்ய வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கும், காது கேளாத பிள்ளைக்கும் அவர்களுக்கு ஏற்ற மொழியில் சொல்லித்தர வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு படித்திருக்கிறது என்று கவனித்துவர வேண்டும். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்கும், கூட வருபவருக்கும் போக்குவரத்து வசதியும் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் பிரெயில் படித்தவர் எத்தனை பேர்? சைகை மொழி தெரிந்தவர் எத்தனை பேர்?

மனம் இருந்தாலும் வழி தெரியாத ஆசிரியர்கள் ஏராளம். அந்த இடத்தில்தான் பெரிய தவறு ஒன்று நடக்கும். பிள்ளையைச் சேர்ப்பார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். மதியம் சத்துணவு போடுவார்கள். மாலையில் அனுப்பிவிடுவார்கள். ஐந்து வருடம் கழிந்து ஐந்தாம் வகுப்பு 'பாஸ்' ஆகிவிடும். பிள்ளைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது!

சட்டம் நிறைவேறியதா? காகிதத்தில் நிறைவேறியது. கதவைச் சாத்துவதைவிட இது மோசம். சாத்திய கதவையாவது தாய் பார்த்துத் தட்டுவாள். இதை யார் பார்ப்பது?

உதவிக்கு வருகிறவர்

பள்ளிக்கூடங்களுக்குக் கைகொடுக்க ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒன்றியங்கள் பன்னிரண்டு. அந்த மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள். இயன்முறை மருத்துவர் இருப்பார். இது 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்ற திட்டத்தின்கீழ் நடப்பது.

சிறப்பு ஆசிரியருக்கு ஒரே பள்ளி கிடையாது. பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டும். இன்று ஒரு பள்ளி, நாளை வேறு பள்ளி. கையில் படஅட்டை, எண் மணிகள், பிரெயில் எழுதும் சட்டம், குத்தூசி எல்லாம் இருக்கும்.

வந்ததும் என்ன செய்வார்? முதலில் பிள்ளையைக் கவனிப்பார். பிறகு மருத்துவ முகாமுக்கு அழைத்துவரச் சொல்வார். காது டாக்டர், கண் டாக்டர், எலும்பு டாக்டர், மனநல டாக்டர் அங்கே வருவார்கள். அடையாள அட்டை அங்கே கிடைக்கும். காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, கண்ணாடி எதுவானாலும் அளவெடுத்து எழுதிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கென்று தனித் திட்டம் போட வேண்டும். மூன்று மாதத்தில் என்ன கற்க வேண்டும்? பத்து வரை எண்ணுவதா? பெயர் எழுதுவதா? தானே சாப்பிடுவதா? சிறிய இலக்காக இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தால்தான் நடந்ததா, இல்லையா என்று கேட்க முடியும்.

படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளை பள்ளிக்கு எப்படி வரும்? அதற்கும் 2012-ம் ஆண்டுத் திருத்தத்தில் வழி சொல்லியிருக்கிறார்கள். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆசிரியர் வீடு தேடி வருவார்.

இங்கேதான் கடற்கரை ஊருக்கு ஒரு சங்கடம். ஆசிரியர் காலை பத்து மணிக்கு வருவார். அந்த நேரத்தில் அம்மா மீன் விற்கப் போயிருப்பாள். உப்பளத்துக்குப் போகிற பெண்களோ, வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பாட்டி மட்டும்! குழந்தையின் கை காலை எப்படிப் பிடித்துப் பழக்க வேண்டும் என்பதைப் பாட்டிக்குக் காட்டிவிட்டுப் போவார் ஆசிரியர். பாட்டிக்கு மூட்டு வலி!

இதற்கு ஒரு நல்ல காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 61 நாள் அப்பாமார் கரையில் இருப்பார்கள். கையில் காசு இராது, நேரம் இருக்கும். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அதே மாதங்களில்தான். முகாமை அப்போது அந்தந்த ஊர் கடற்கரையிலேயே நடத்தினால் தாயும் தகப்பனும் சேர்ந்தே வரலாம். இதைச் சட்டப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஊர் தெரிந்தவர்கள்தான் செய்ய முடியும்.

ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி

பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் கட்டுவது பார்க்கச் சுலபமான வேலை. ஆனால் அதிலும் கணக்கு இருக்கிறது.

ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்று இருந்தால் ஆறு அடி நீளச் சாய்தளம். மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி! இடம் இல்லை, சிமெண்டு இல்லை என்று நாலடியில் முடித்துவிட்டால் என்ன ஆகும்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஏற முடியாது. இறங்கும்போது குப்புற விழும். மற்றப் பிள்ளைகள் சறுக்கி விளையாட மட்டுமே அது உதவும்.

சாய்தளம் சரியாக இருந்தும் கழிவறை வாசலில் ஒரு படி இருந்துவிட்டால்? பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்புறம் பள்ளிக்கே வரமாட்டார்கள். அளவெடுக்க வருகிற என்ஜினீயர் அந்தக் கதவையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

பரீட்சை வந்தால்

பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றால் எந்த வீட்டிலும் நடுக்கம்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சலுகைகள் உண்டு. பார்வையற்ற பிள்ளைக்கும், கையால் எழுத முடியாத பிள்ளைக்கும் 'சொல்வதை எழுதுபவர்' உண்டு. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது மொழி, மூன்றாவது மொழியிலிருந்து விலக்குத் தரலாம் என்று சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது.

ஆனால் இவை தானாக வராது. மருத்துவச் சான்றிதழோடு பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் வாங்காமல் பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடி வரும் பெற்றோர் உண்டு. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அப்படி ஒரு குறைபாடு இருப்பதே ஒன்பதாம் வகுப்பு வரை யாருக்கும் தெரியாமல் போவதும் உண்டு.

பள்ளி சேர்க்க மறுத்தால்? மாவட்டக் கல்வி அதிகாரியிடமும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனுக் கொடுக்கலாம். மாநில ஆணையருக்கும் எழுதலாம். சட்டத்தை மீறினால் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை!

பத்துக்கு ஒருவர்

சட்டம் போட்டால் போதுமா? ஆள் வேண்டாமா? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது.

2021, அக்டோபர் 28-ல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. முதல் ஐந்து வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும். அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் வேண்டும் என்றது. 2022 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் அந்த அளவை அறிவித்தது. 2025 மார்ச்சில் கோர்ட்டு மறுபடியும் மாநிலங்களைப் பிடித்தது. எத்தனை இடங்கள் என்று அறிவித்து ஆட்களை நிரப்புங்கள் என்று உத்தரவிட்டது.

இதில் சிறப்பு ஆசிரியர்களின் வயிற்றுப்பாடும் அடங்கியிருக்கிறது. தொகுப்பூதியத்திலேயே ஆண்டுக்கணக்காக ஓடியவர்கள் அவர்கள். பஸ் மாறி பஸ் ஏறி, கடற்கரை மணலில் நடந்து, வீடு வீடாகப் போய்ப் பாடம் சொன்னவர்கள். அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவர் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். புது ஆளோடு பழகவே சில பிள்ளைகளுக்கு ஆறு மாதம் ஆகும்.

திரேஸ்புரத்துக் குழந்தை

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம்.

தாய் செய்ய வேண்டிய முதல் காரியம் காதைச் சோதிப்பது. பிள்ளை பேசட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் காலம் இது. காதுக்குள் கருவி பொருத்தும் 'காக்ளியர்' அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. அதற்கு வயது வரம்பு இருக்கிறது: ஆறு வயது! பாட்டி சொன்ன சமாதானத்தில் போன மூன்று வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அந்த வாய்ப்பு தவறினாலும் வழி அடைபட்டுவிடாது. காதுக்கு வெளியே மாட்டும் கருவி கிடைக்கும். சைகை மொழி இருக்கிறது. கருவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் உப்புக் காற்று, வியர்வை வேறு. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணி போட்ட டப்பியில் மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் சீக்கிரமே கருவி 'கரகர' என்று இரையும். பிள்ளை கழற்றி எறிந்துவிடும். 'கருவி கொடுத்தும் போட மாட்டேன் என்கிறது' என்று பழி பிள்ளை மேல் விழும்!

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நாள். தாய் அன்று மீன் கூடையை எடுக்கவில்லை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மஞ்சள் பையில் இருக்கின்றன.

"எம் பிள்ளைக்குக் காது கேக்காது, சார். இங்கேயே சேர்க்கணும்."

ஹெட்மாஸ்டர் பெயரை எழுதிக்கொள்கிறார். சிறப்பு ஆசிரியர் வியாழக்கிழமை வருவார் என்று சொல்கிறார். அதுவரை வகுப்பு ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? அதற்குச் செலவே இல்லை. பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகத் தெரியும், உதடு தெரியாது. மீசை உதட்டை மறைக்கக் கூடாது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது.

எழுதி முடித்துவிட்டு, சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி நின்று பேச வேண்டும்.